வயிறு நிறையச் சோறு: மணிலா சாப்பாட்டுக் கடையில் நாங்கள் போட்ட கணக்கு

அரிசி விலை ஏறும்போதெல்லாம் ஓட்டல்காரர்களும் மெஸ் நடத்துவோரும் நம் மண்டிகளுக்கு வந்து, "அண்ணாச்சி, இனி கட்டுப்படியாகாது, என்ன செய்யலாம்?" என்று கேட்பது வழக்கம். நாமும் வாய்க்கு வந்த யோசனையைச் சொல்லி அனுப்பி விடுகிறோம். அப்படி நாங்கள் சொன்ன ஒரு யோசனை தவறாகப் போனதை, பிலிப்பைன்ஸ் நாட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். உறுப்பினர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதை விவரமாக எழுதுகிறோம்.

2024 மார்ச் மாதம் கொப்பரை, தேங்காய்ப் பூ வியாபாரம் பற்றி அறிந்து வர எங்களில் நான்கு பேர் மணிலா போயிருந்தோம். துணைக்கு வந்தவர் எங்கள் நண்பர் ஒருவரின் மகன். அங்கே மருத்துவம் படிக்கிறார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அந்த நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போவது தெரிந்ததே. முதல் நாள் நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைத்தோம். "பெரியப்பா, நான் தினமும் சாப்பிடுகிற இடத்துக்கு வாருங்கள். நாலு பேருக்கும் சேர்த்து இதில் கால்வாசி கூட ஆகாது" என்றார் பையன். மறுநாள் மத்தியானம் திவிசோரியா சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கே போனோம்.

அவ்வகைக் கடைக்கு அங்கே காரிந்தேரியா என்று பெயர். அதில் வரும் 'காரி' நம் கறியே என்று சொல்வோரும் உண்டு. பேச்சு வழக்கில் 'தூரோ தூரோ' என்றும் சொல்கிறார்கள். 'தூரோ' என்றால் சுட்டிக் காட்டுவது. காலையிலேயே சமைத்த பத்துப் பன்னிரண்டு வகைக் குழம்புகளைப் பாத்திரங்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் விரலால் காட்ட வேண்டியதுதான், தட்டுக்கு வந்துவிடும். மெனு கார்டும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. கடைக்கார அம்மையாரை எல்லோரும் 'ஆத்தே' என்று கூப்பிட்டார்கள். அதற்கு அக்கா என்று பொருளாம். எங்களில் ஒருவர் ஆத்தா என்றே கூப்பிட்டார், அந்த அம்மாளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அரிசி வியாபாரிகளான நமக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று. நெல்லுக்கு அவர்கள் மொழியில் 'பாலாய்', அரிசிக்கு 'பிகாஸ்', சோற்றுக்குக் 'கானின்'. நம்மைப் போலவே மூன்று சொல். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவானாலும் அது 'ஊலாம்'. சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் அதைத் தள்ளிவிட உதவும் சாமான்.

அன்று பார்த்த வகைகளைச் சொல்கிறோம். அதோபோ என்பது காடி, சோயா சாறு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டுக் கோழியையோ பன்றியையோ வேக வைப்பது. காடி சேர்வதால் சீக்கிரம் கெடாது, கடைக்காரருக்கு அது பெரிய வசதி. சினிகாங் என்பது புளி போட்ட சாறு. காரம் குறைவு என்பதைத் தவிர நம் புளிரசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. கரே கரே என்பது மாட்டு வாலை நிலக்கடலை அரைத்த குழம்பில் போடுவது. 1762இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து படையெடுத்துப் போய் மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தார்கள். அந்தப் படையில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே காயிந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கறிதான் கரே கரே ஆனது என்று ஒரு பேச்சு அங்கே இருக்கிறது.

எங்களில் இருவர் சைவம். அவர்கள் பாடு சிரமம்தான். காய்கறிக் குழம்பில் கூட இறால் விழுது போட்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் பாசிப்பயறு வேக வைத்துப் போடுவது அந்த ஊர்ப் பழக்கம். அதிலும் கருவாடு கிடந்தது. சொன்ன பிறகு அந்த அம்மையார், கருவாடு சேர்க்காமல் தனியே வைத்திருந்த பயறைத் தாளித்துக் கொடுத்தார். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை.

இனி அளவு. சோற்றை ஒரு கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்க்கிறார்கள். அதுதான் ஒரு 'கப்'. 12 பெசோ. ஒரு பெசோ ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ஊலாம் 65 முதல் 80 பெசோ வரை. சாறு மட்டும் கேட்கக் கேட்க இலவசம். எலும்பு வேக வைத்த தண்ணீர்தான், ஆனால் சூடாக, உப்பு உறைப்போடு இருக்கும். மேசையில் காடி, சோயா, மீன் சாறு, சின்ன எலுமிச்சை, காந்தாரி போன்ற மிளகாய், எல்லாம் வேண்டிய மட்டும். இவை தவிர 'தக்தாக்' என்று கேட்டால் ஒரு கரண்டி கூடுதலாக வரும். நம் கொசுறேதான். கூலி வேலை செய்பவர் ஒருவர் எங்கள் எதிரில் ஒரே ஒரு ஊலாம் வாங்கி, மூன்று கப் சோறும் இரண்டு கிண்ணம் சாறும் சாப்பிட்டு ஏப்பத்துடன் எழுந்தார். அவருக்கு ஆனது 101 பெசோ. நம் காசில் 150 ரூபாய். மணிலாவுக்கு அது மலிவு.

இந்த மலிவும் தாராளமும் எப்படிக் கட்டுப்படியாகிறது? அப்போது அங்கே அரிசி விலை உச்சத்தில் இருந்த நேரம். அந்த மார்ச்சில் அரிசி, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு கூடியிருந்தது. பதினைந்து ஆண்டுகளில் காணாத ஏற்றம் என்றார்கள். அதற்கு நம் நாட்டிலும் ஒரு காரணம் உண்டு. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உடனே தாய்லாந்து, வியட்நாம் அரிசிகள் விலை ஏறின. பிலிப்பைன்ஸ் உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று, அதிலும் பெரும்பகுதி வியட்நாமிலிருந்து. அக்டோபரில் அரசுக்கு அரசு என்ற முறையில் 2,95,000 டன் அனுப்ப நம் அரசு அனுமதி கொடுத்தது. தடை முழுதும் நீங்கியது 2024 செப்டம்பரில்தான்.

நடுவில் அங்கே நடந்ததைச் சில்லறை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பர் 5 முதல் சாதா அரிசி கிலோ 41 பெசோ, நன்கு தீட்டிய அரிசி 45 பெசோ, அதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கூடிய விலைக்குக் கொள்முதல் செய்து மூட்டையை அடுக்கி வைத்திருந்த சிறு கடைக்காரர் கதி என்ன? நஷ்டத்துக்கு விற்க வேண்டும், அல்லது கடையைச் சாத்த வேண்டும். பாதிக்கப்பட்ட சிறு அரிசிக் கடைக்காரர்களுக்கு ஆளுக்கு 15,000 பெசோ உதவித்தொகை கொடுத்தார்கள். ஒரே மாதத்தில், அக்டோபர் 4 அன்று, உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். விலையை உத்தரவால் இறக்க முடியாது என்பதை அறிய நமக்கு மணிலா வரை போக வேண்டியதில்லை. ஆனால் நஷ்டம் வந்தவனுக்கு உத்தரவு போட்டவரே ஏதோ கொஞ்சம் கொடுத்தார் என்பது நமக்குப் புதிது.

இத்தனைக்கும் நடுவே அந்த அம்மையாரின் சோற்றுக் கிண்ணம் மாறவில்லை. பையன் மூலம் கேட்டோம், "கிண்ணத்தைச் சிறிதாக்கவில்லையா?" என்று. அவர் சிரித்துவிட்டு மூட்டையைக் காட்டினார். நாங்களும் தொழில்காரர்கள் என்று தெரிந்ததும் கணக்கை ஒளிக்காமல் சொன்னார். அங்கே மூட்டை 50 கிலோ. அவர் வாங்கும் ரகம் ஓராண்டுக்கு முன் கிலோ 42, அப்போது 52. ஒரு கிலோ அரிசிக்குச் சிந்தல் சிதறல் போக 14 கப் சோறு. ஆக மூட்டைக்கு 700 கப். மூட்டை 2,100 பெசோ இருந்தபோது ஒரு கப்புக்கு அரிசி அடக்கம் 3 பெசோ. 2,600 ஆனபோது 3 பெசோ 71 காசு. அதாவது நாடே அலறிய அந்த ஏற்றம், ஒரு கப்பில் 71 காசுதான்! எரிவாயுவும் தண்ணீரும் சேர்த்தாலும் 5 பெசோவுக்குள் அடக்கம். விற்பது 12.

உண்மையில் அந்தக் கடையைக் காப்பாற்றுவதே சோறுதான். கறியில் அவருக்கு மிச்சமில்லை. 2019 முதல் அங்கே பன்றிக் காய்ச்சல் பரவி இறைச்சி விலை ஏறிவிட்டது. குழம்பில் பெற்றது போதும் என்று கொடுத்து, சோற்றில் எடுக்கிறார். சாப்பிடுகிறவர் இரண்டாவது கப், மூன்றாவது கப் கேட்பது அவருக்குச் செலவல்ல, வரவு. இலவசச் சாறு ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. சாறு இருந்தால் இன்னொரு கப் சோறு இறங்கும்.

இதையே பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. 2003இல் இலோய்லோ நகரில் தொடங்கிய மாங் இனசால் என்ற கடை, சுட்ட கோழிக்கு அளவில்லாச் சோறு என்று அறிவித்தது. பணியாள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார், நம் கல்யாணப் பந்தி மாதிரி. கோழிக்கு அளவு உண்டு, சோற்றுக்குக் கிடையாது. எவ்வளவு பெரிய வயிறானாலும் ஓர் அளவுக்கு மேல் கொள்ளாதல்லவா! 2010இல் அந்நாட்டின் ஜாலிபீ நிறுவனம் அதில் 70 விழுக்காட்டை 300 கோடி பெசோ கொடுத்து வாங்கியது, 2016இல் மீதியையும் வாங்கிவிட்டது. 2017இல் செனட்டர் சிந்தியா வில்லார், அளவில்லாச் சோறு நீரிழிவைக் கொண்டு வருகிறது, அதை நிறுத்தலாம் என்ற பொருளில் பேசினார். எழுந்த எதிர்ப்பில் பின்வாங்கிக்கொண்டார். நீரிழிவு பற்றி அவர் கவலைப்பட்டது தவறல்ல, எங்கள் நால்வரில் மூவர் மாத்திரை போடுகிறவர்கள்தான். இருந்தாலும் மூன்றாவது கப்பை யாரும் மறுக்கவில்லை.

அம்மையாருக்கு உண்மையான தொல்லை வேறு இடத்தில். கையில் முதல் இல்லை. காலையில் சந்தைக்குப் போகத் தண்டல் பணம் வாங்குகிறார். அங்கே அதற்கு 'ஐந்து ஆறு' என்று பெயர். 5,000 வாங்கினால் 6,000, தினமும் வந்து வசூல் செய்வார்கள். இத்தொழிலில் இந்தியர் பலர் இருப்பதால் இந்தியர் என்றாலே 'பும்பாய்' என்று சொல்லி வட்டிக்காரர் என நினைக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் அங்கே வேலை செய்த பெண் ஒருத்தி உள்ளே ஓடியதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. 2017இல் அரசு, இத்தகைய சிறு வியாபாரிகளுக்கு மாதம் இரண்டரை விழுக்காட்டுக்கு மிகாத வட்டியில் கடன் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. இவர் அதற்கு எழுதிப் போடவில்லை. வாசலுக்கு வரும் பணம் சுலபம் என்கிறார். அந்த வட்டியில் ஒரு பங்கைத்தான் நாம் தின்ற சோற்றின் மிச்சத்திலிருந்து கட்டுகிறார்.

இப்போது நம் கதை. எங்களிடம் பதினோரு வருடம் பற்று வைத்திருந்த மெஸ்காரர் ஒருவர் 2023இல் வந்து அழுதார். கிலோவுக்கு 8 ரூபாய் ஏறியிருந்தது. மத்தியானம் 80 சாப்பாடு போடுகிறவர். "இரண்டாவது சோற்றுக்குத் தனிக்காசு வாங்குங்கள், முதல் சோற்றையும் கொஞ்சம் குறையுங்கள்" என்று சொன்னது நாங்கள்தான். அப்படியே செய்தார். ஆறு மாதத்தில் 80 என்பது 35 ஆயிற்று. லாரி ஓட்டுநர்களும் லோடுமேன்களும் ரோட்டுக்கு எதிர்ப்புறம் போய்விட்டார்கள். கடையை மூடியபோது எங்களுக்கு 38,000 பாக்கி.

மணிலாவில் காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு சாப்பாட்டுக்குக் கால் கிலோ அரிசி என்று தாராளமாக வைத்தாலும் 8 ரூபாய் ஏற்றம் என்பது சாப்பாட்டுக்கு 2 ரூபாய். 80 சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 160 ரூபாய். சாப்பாட்டு விலையில் 3 ரூபாய் ஏற்றியிருந்தால் அதைத் தாண்டி 80 ரூபாய் கையில் நின்றிருக்கும். அந்த 2 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 45 சாப்பாட்டை இழக்க வைத்தோம். அரிசி மூட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏற்றமும் மூட்டையாகவே தெரிகிறது, தட்டாகத் தெரிவதில்லை.

ஆகவே இனி யாராவது வந்து கேட்டால், எத்தனை சாப்பாடு, சாப்பாட்டுக்கு எத்தனை கிராம் அரிசி, ஏற்றம் எத்தனை காசு என்று முதலில் சிட்டையில் எழுதிப் பார்க்கச் சொல்கிறோம். குழம்பு, கூட்டு வகையில் எண்ணெயும் பருப்பும் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறோம். கை கடிப்பது பெரும்பாலும் அங்கேதான், சோற்றில் அல்ல. உறுப்பினர்களும் தங்கள் ஊர் ஓட்டல்காரர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். நம் சரக்கு நிற்காமல் போவதும் அவர்கள் தட்டில்தானே.

மெஸ்காரர் இப்போது மருமகன் கடையில் கல்லாவில் இருக்கிறார். மணிலாவிலிருந்து வந்ததும் போய்ப் பார்த்தோம். பாக்கியைப் பற்றி அவர் பேச்செடுத்தார், பாதியைத் தள்ளி எழுதிவிட்டதாகச் சொன்னோம். ஏன் என்று கேட்டார். காகிதத்தை எடுத்துக் காட்டினோம். மீதிப் பாதியை மாதம் ஆயிரமாகக் கொடுத்து வருகிறார்.