சிவிங்கியும் அதன் அயலாரும்

முன்னுரை

சிவிங்கியைச் சிறுத்தை எனக் கருதி மயங்குவோர் நம்மில் பலர். இரண்டும் புள்ளியுடைய பூனை இனங்களேயாயினும், வாழும் முறையில் அவை வேறானவை. சிவிங்கிக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வழங்கும் பெயர், புள்ளியுடையது எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லினின்று பிறந்தது. இந்தியப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் அவ்விலங்கு இந்தியாவிலேயே அற்றுப்போயிற்று என்பது சிந்தனைக்குரியது. காப்பகத்தின் எல்லைக்குள் அடங்கி வாழ இயலாத ஓர் உயிரைக் காப்பது எவ்வாறு? அதனால் நேரும் இழப்பைத் தாங்க வேண்டியவர் யார்? இவ்விரு கேள்விகளையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

1. விலங்கின் இயல்பு

சிவிங்கியின் உடலமைப்பு முழுவதும் விரைவுக்கென அமைந்தது. சிறிய தலை, மெலிந்த இடை, நீண்ட கால்கள், திரும்பும்போது நிலைபெற உதவும் நீண்ட வால், ஏனைய பூனைகளைப்போல் முழுவதும் உள்ளிழுக்கப்படாத நகங்கள் ஆகியவை அதன் சிறப்புகள். கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோட்டால் அதனை எளிதில் அடையாளம் காணலாம். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டக்கூடும். ஆயினும் அவ்வோட்டம் சில நூறு மீட்டர் தொலைவுக்கே நீடிக்கும்.

இவ்விரைவுக்கு அது கொடுக்கும் விலை பெரிது. அதற்குப் போரிடும் வலிமை இல்லை. காயமுற்றால் ஓட இயலாது. ஓட இயலாவிடில் பட்டினியே கதி. ஆகவே சிங்கமோ கழுதைப்புலியோ நெருங்கினால், தான் கொன்ற இரையையும் விட்டு அகலுகிறது. 1980களின் இறுதியில் தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் நடந்த ஆய்வில், நூறு குட்டிகளுள் ஏறத்தாழ ஐந்தே தாயைப் பிரிந்து வாழும் பருவத்தை எட்டின எனக் கண்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்களே. எல்லா இடத்திலும் நிலை இத்துணைக் கொடிதன்று. எனினும், வலிய விலங்குகள் நிறைந்த காப்பகம் சிவிங்கிக்குப் பாதுகாப்பான புகலிடமாகிவிடாது என்பது இதனால் விளங்கும். வலியவற்றுக்கு விலகி, பரந்த நிலத்தில் மிக அருகலாகப் பரவி வாழ்வதே அதன் வழி.

2. இன்றைய நிலை

முற்காலத்தில் ஆப்பிரிக்கா முதல் அரேபியா, பாரசீகம் வழியாக இந்தியா வரை சிவிங்கி பரவியிருந்தது. 2016ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வொன்று, உலகில் எஞ்சியவை ஏறத்தாழ 7,100 எனவும், பழைய வாழிடத்தில் 9 விழுக்காடே அவற்றிடம் உள்ளதெனவும் மதிப்பிட்டது. இன்னொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியமானது. அவ்வாழிடத்தில் 77 விழுக்காடு காப்பகங்களுக்கு வெளியே, மனிதரும் ஆடுமாடுகளும் வாழும் நிலத்தில் உள்ளது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சிவிங்கியை அழிவுக்கு எளிதில் இலக்காகும் இனங்களுள் வைத்துள்ளது. சகாராப் பகுதியிலும் ஈரானிலும் வாழும் கிளையினங்களோ அழிவின் விளிம்பிலேயே நிற்கின்றன. ஈரானில் பன்னிரண்டே எஞ்சியுள்ளன என அந்நாட்டு அதிகாரி ஒருவர் 2022இல் அறிவித்தார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கொம்பிலிருந்து குட்டிகளைத் திருடி, செல்வர் வீட்டு வளர்ப்புப் பிராணிகளாக அரபு நாடுகளுக்குக் கடத்தும் வணிகமும் இன்னும் ஒழியவில்லை.

3. இந்தியாவின் இழப்பு

வெளிமான் வேட்டைக்கென முகலாய மன்னர் சிவிங்கிகளைப் பழக்கினர். அடைபட்ட நிலையில் அவை குட்டி ஈனுவது மிக அரிதாதலின், காட்டிலிருந்தே மீண்டும் மீண்டும் பிடித்துவந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவற்றைக் கொன்றோருக்குப் பரிசுப் பணம் கிடைத்தது. புல்வெளிகள் உழுநிலமாயின, வெளிமான்களும் குறைந்தன. 1947இல், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்திலுள்ள கோரியா சமஸ்தானத்தின் அரசர் ஓரிரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டுக் கொன்றார். அன்றைய சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிவிங்கி காணப்பட்டதாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் பின்னர் ஒரு குறிப்பு வெளியிட்டது. 1952இல் இந்தியாவில் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

4. நமீபியா கற்பிக்கும் பாடம்

உலகில் சிவிங்கிகள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்று தென்மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியா. அங்கு அவற்றுள் பெரும்பாலானவை கால்நடைப் பண்ணைகளிலேயே வாழ்கின்றன. பண்ணையாளர் சிங்கங்களையும் கழுதைப்புலிகளையும் முன்பே ஒழித்துவிட்டமையால், சிவிங்கிக்கு அந்நிலம் ஏற்றதாயிற்று. ஆனால் கன்றுகளை இழந்த பண்ணையாளர், சிவிங்கிகள் அடையாளமிட வரும் மரங்களினடியில் பொறிக்கூண்டு வைத்து அவற்றைப் பிடித்தனர், பலவற்றைச் சுட்டனர். 1980களில் ஆயிரக்கணக்கானவை இவ்வாறு அகற்றப்பட்டமையால் அந்நாட்டுச் சிவிங்கிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

1990இல் லாரி மார்க்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி அங்குச் சிவிங்கிப் பாதுகாப்பு நிதியம் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முதலில் அவர் பண்ணை பண்ணையாகச் சென்று பண்ணையாளரின் குறைகளைக் கேட்டறிந்தார். 1994 முதல் துருக்கி நாட்டு மந்தைக் காவல் நாய்களைப் பண்ணையாளருக்கு அந்நிறுவனம் வழங்கிவருகிறது. குட்டிப் பருவம் முதல் ஆடுகளோடு வளரும் அந்நாய், பகைவிலங்கைக் கண்டதும் முன்னின்று குரைக்கும். காயத்துக்கு அஞ்சும் சிவிங்கி விலகிச் செல்லும். விலங்கின் பலவீனமே இங்கு இரு தரப்பினருக்கும் நன்மையாயிற்று.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு மேலும் ஒரு வழியைக் காட்டியது. சிவிங்கிகள் செய்தி பரிமாறக் கூடும் இடங்கள் சிலவே என்றும், கன்று இழப்பு அவ்விடங்களைச் சுற்றியே மிகுதி என்றும் ஆய்வாளர் கண்டறிந்தனர். கன்றுள்ள பசுக்களை அவ்விடங்களிலிருந்து தொலைவில் மேய்க்கவே, இழப்பு 86 விழுக்காடு குறைந்தது. சிவிங்கியைக் கொன்றிருந்தால் அவ்விடத்துக்கு வேறொன்று வந்திருக்கும். மந்தையை நகர்த்தியதோ நிலையான பயன் தந்தது.

5. கூனோ எழுப்பும் கேள்வி

2022 செப்டம்பர் 17ஆம் நாள் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப்பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. 2023 பெப்ருவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன. அவற்றுள் சில இறந்தன. 2023 மார்ச்சில் பிறந்த நான்கு குட்டிகளுள் மூன்று மே மாத வெப்பத்தில் மாண்டன. பின்னர் வேறு குட்டிகள் பிறந்து வளர்ந்துள்ளன.

ஆயினும் கூனோவின் பரப்பு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டரே. நமீபியாவில் ஒரு சிவிங்கியே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் திரிவதுண்டு. கூனோவிலும் சில பூங்காவை விட்டு வெளியேறி ஊர்ப்புறங்களில் உலவின. மேலும், பல ஆண்டுகளுக்கு முன்னரே, சிங்கங்களைக் குடியேற்றும் நோக்குடன் அக்காட்டிலிருந்து 24 சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். சிங்கங்கள் வரவில்லை, வீட்டையும் நிலத்தையும் இழந்தோர் இழந்தோரே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறிவது யாது? சிவிங்கியின் எதிர்காலம் காட்டிலாகாவின் கையில் மட்டும் இல்லை. ஆடு மேய்ப்பவரின் கையிலும் உள்ளது. அதன் அழகைத் தொலைவிலிருந்து போற்றுவோர் பலர்; அதனால் ஓர் ஆட்டை இழப்பவரோ பெரும்பாலும் ஏழை. அவ்விழப்பை அவர் தனியே தாங்கட்டும் என விட்டுவிட்டு விலங்கைக் காக்க முற்படுவது அநீதியாகும். அது நிலைக்கவும் செய்யாது. நமீபியாவில் நன்மை விளைந்ததற்குக் காரணம், பண்ணையாளரைக் குற்றவாளியெனத் தள்ளாது அயலாராக அணுகியதே. கூனோவைச் சூழ்ந்த ஊர்களிலும் இம்முறை வேரூன்றுமாயின், இழந்த விலங்கு மீண்டும் இங்கு நிலைபெறும் என நாம் நம்ப இடமுண்டு.