விதைப்பவரும் விளைநிலமும்: பொது ஒலிபரப்பும் சமூகக் கூட்டுறவும்

ஒலிபரப்பைக் குறிக்க இன்றைய அரபு மொழியில் வழங்கும் சொல் 'இதாஅத்' என்பதாகும். ஒருவரிடம் அடங்கிக் கிடந்த செய்தி பலருக்கும் தெரியுமாறு பரவுவதையே அதன் வேர்ச்சொல் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்ட்' என்பதோ, உழவர் விதையைக் கையால் வயலெங்கும் வீசித் தெளிப்பதைக் குறித்து வந்த சொல். வானொலி தோன்றிய பின்னரே அது இன்றைய பொருளைப் பெற்றது. இவ்விரு சொற்களும் பரப்புவோரின் செயலைச் சொல்கின்றனவேயன்றி, விதை விழும் நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிலமும் பங்காளியாக இருந்தாலன்றி விதைப்புப் பயன் தராது. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொது ஒலிபரப்பு கடந்துவந்த பாதை தெளிவாகக் காட்டுகிறது.

சட்டமும் அமைப்பும்

அந்நாட்டில் வானொலியும் தொலைக்காட்சியும் தொடக்கம் முதலே பெரும்பாலும் விளம்பர வருவாயை நம்பிய தனியாரிடம் இருந்தன. விளம்பரம் தருவோர்க்கு ஆதாயம் தராத கல்வி, குழந்தைகளின் வளர்ச்சி, சிற்றூர்களின் நலன் முதலியவற்றுக்கு அவற்றில் கிடைத்த இடம் மிகக் குறைவு. இக்குறையைப் போக்கும் நோக்குடன், 1967 நவம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வானொலி, தொலைக்காட்சி ஆகிய இரண்டையும் தழுவிய அச்சட்டத்தின் வழியே பொது ஒலிபரப்புக் கழகம் பிறந்தது.

இக்கழகத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. தானே நிலையம் நடத்துவதற்கு அதற்கு உரிமை இருக்கவில்லை. அரசு தந்த நிதியைப் பெற்றுப் பங்கிட்டுக் கொடுப்பதே அதன் தலையாய பணியாக இருந்தது. அந்நிதியில் பெரும்பகுதி உள்ளூர் நிலையங்களுக்கே சென்றது. பல்கலைக்கழகங்கள், உள்ளூர் அறச் சங்கங்கள், பழங்குடி மக்களின் அமைப்புகள் எனப் பலதரப்பட்டோர் அந்நிலையங்களை நடத்தினர். அரசு நிதியோடு நேயர்களின் நன்கொடையும் அறக்கட்டளைகளின் உதவியும் சேர்ந்தே அவற்றைத் தாங்கின. ஆளுவோரின் குரலாகவோ வணிகரின் கடையாகவோ ஆகிவிடாமல் காப்பதற்கே இப்பன்முக ஏற்பாடு.

எண்ணிம யுகம் எழுப்பிய வினா

2009 ஜூன் 12 அன்று அந்நாட்டின் முழுத்திறன் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய அலைவழி முறையைக் கைவிட்டு எண்ணிம முறைக்கு மாறின. ஓர் அலைவரிசையில் பல நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் அனுப்ப இயன்றது. இணையமும் கைபேசியும் பெருகவே, தேசிய நிகழ்ச்சிகளைக் கேட்க உள்ளூர் நிலையத்தை நாட வேண்டிய தேவையும் குறைந்தது. அப்படியாயின், உள்ளூர் நிலையம் எதற்கு?

தம்மைச் சுற்றியுள்ள மக்களுடன் கூடிச் செயல்படுவதன் மூலம் பல நிலையங்கள் இதற்கு விடை கண்டன. இடையில் பள்ளிப்படிப்பை விடும் மாணவர் தொகையைக் குறைக்கும் பொருட்டு 2011-இல் கழகம் தொடங்கிய 'அமெரிக்கன் கிராஜுவேட்' திட்டத்தில், நிலையங்கள் உள்ளூர்க் கல்வி அமைப்புகளுடன் கைகோத்தன. பழைய ஒலி, ஒளிப் பதிவுகள் அழிந்துபோகாமல் காக்க, காங்கிரஸ் நூலகமும் பாஸ்டன் நகரப் பொது ஒலிபரப்பு நிலையமும் 2013 முதல் ஒன்றிணைந்து ஆவணக் காப்பகம் ஒன்றைப் பேணி வருகின்றன. நிகழ்ச்சி எங்கிருந்தும் வரலாம். ஊரை அறிந்த உறவு ஊரில் இருப்போர்க்கே வாய்க்கும்.

அலாஸ்காவில் ஒரு சிறு நிலையம்

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அலாஸ்காவின் மேற்கே, கஸ்கோக்விம் ஆற்றங்கரையிலுள்ள பெத்தல் எனும் ஊரில் இருக்கிறது. வெளியூர்களுடன் அதனை இணைக்கும் நெடுஞ்சாலை கிடையாது. வானூர்தி, படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆறு ஆகியவையே வழி. அங்கே 1971 முதல் இயங்கும் கே.ஒய்.யு.கே நிலையம், ஆங்கிலத்தோடு அம்மண்ணின் யூப்பிக் மொழியிலும் செய்தி வழங்குகிறது. மூத்தோரின் பேச்சும் கதைகளும் பல்லாண்டுகளாக அதன் பதிவுகளில் சேர்ந்துள்ளன. பேசுவோர் அருகிவரும் ஒரு மொழிக்கு அது கருவூலமாகும். இந்நிலையம் தன் வருவாயின் பெரும்பகுதிக்குக் கழகத்தின் நிதியையே நம்பியிருந்தது.

2025 ஜூலையில் அந்நிதியைப் பறிக்கும் சட்டமுன்வரைவு அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. பொது ஒலிபரப்பு ஒருசார்பானது என்றும், ஊடகங்கள் மலிந்த இக்காலத்தில் மக்களின் வரிப்பணம் அதற்குத் தேவையில்லை என்றும் ஆதரவாளர் வாதிட்டனர். ஜூலை 16 அன்று அலாஸ்காவின் தென்கரையோரம் 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அம்மாநில மேலவை உறுப்பினர் லிசா முர்கோவ்ஸ்கி, அவ்வெச்சரிக்கையை மக்களிடம் சேர்த்தவை பொது நிலையங்களே என்று சுட்டிக்காட்டினார். எனினும் முன்வரைவு நிறைவேறியது. ஜூலை 24 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் அதில் கையொப்பமிட்டார். இரண்டு நிதியாண்டுகளுக்கென முன்னரே ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 110 கோடி டாலர் திரும்பப் பெறப்பட்டது. 2026 ஜனவரியில் கழகம் தன்னைக் கலைத்துவிடத் தீர்மானித்தது.

நிதி பறிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 2025 அக்டோபரில், ஹாலோங் சூறாவளியின் எச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கியது. கிப்னுக், குவிகில்லிங்கொக் ஆகிய கடலோரச் சிற்றூர்கள் பேரழிவுக்கு உள்ளாயின. வீடுகள் அடித்தளம் பெயர்ந்து மிதந்து சென்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அந்நாட்களில் மீட்பும் உதவியும் பற்றிய செய்திகளை மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே கொண்டு சேர்த்த குரல்களுள் கே.ஒய்.யு.கே-யின் குரலும் ஒன்று.

கூட்டுறவின் ஆற்றலும் எல்லையும்

ஊடகங்கள் மலிந்துவிட்டன என்னும் வாதம் பெருநகரங்களைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தலாம். மின்சாரமும் கோபுரமும் புயலில் வீழ்ந்துவிட்ட சிற்றூருக்கு அது பொருந்தாது. தன் மொழியில் வேறெவரும் செய்தி சொல்லாத மக்களுக்கும் அது பொருந்தாது.

நிதி பறிபோனபின் அறக்கட்டளைகள் இடைக்கால நிதி திரட்டின. நேயர்களும் நன்கொடை வழங்கினர். இது கூட்டுறவின் ஆற்றலைக் காட்டுகிறது. எனினும் செல்வர் மிகுந்த நகரின் நிலையம் தன் நேயரை நம்பி வாழ இயலும். மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழும் சில ஆயிரம் மக்களின் நிலையத்துக்கு அது அரிது. கூட்டுறவு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே பொருள்வளம் மிகவும் குறைந்திருக்கிறது. ஆதலால் சமூகக் கூட்டுறவைப் பொதுநிதிக்கு மாற்றாகக் கருதுவது தவறு. அந்நிதி எவருக்காக, எம்மொழியில், எப்பணிக்குச் செலவிடப்பட வேண்டும் என்பதைச் சொல்லித்தருவதே கூட்டுறவு. அச்சொல்லைக் கேட்கும் செவியுள்ள நிலையத்தையே, நெருக்கடி நேரும்போது மக்கள் தமது நிலையம் என்று தாங்குவார்கள்.