கொடுத்தது ரொக்கம், வந்தது வயல்! பர்மாவில் மூழ்கிய செட்டிநாட்டு முதல்

நாச்சியாபுரம்:-

"ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தால் லாபம்தானே!" என்று நினைப்பவர்கள் பர்மா கதையைக் கேட்க வேண்டும்.

நாச்சியாபுரம், நகரத்தாரின் 76 ஊர்களில் ஒன்று. இந்த வட்டாரத்தில் இருந்து கப்பல் ஏறி, ரங்கூன் போய் வட்டிக்கடை வைத்தவர்கள் ஏராளம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை முழுக்கத் தமிழ்தான். நெல் வயலை ஈடாக வாங்கிக்கொண்டு பர்மா விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள்.

விலை படுத்தது

1930-ல் உலக மந்தம் தாக்கியது. நெல் விலை படுத்துவிட்டது. விவசாயியால் கடனும் கட்ட முடியவில்லை. வரியும் கட்ட முடியவில்லை. அந்த டிசம்பரில் சாயா சான் தலைமையில் கலகம் வெடித்தது. வெள்ளைக்கார சர்க்கார் பட்டாளத்தை ஏவி அடக்கியது. 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார்.

கையில் வயல், பெட்டி காலி!

கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 பங்கு ஆனது! அவர்களுக்கு வேண்டியதோ ரொக்கம். "நிலத்தைப் பிடுங்கினார்கள்" என்ற கெட்ட பெயர்தான் மிச்சம்.

சட்டம் பாய்ந்தது

1937-ல் பர்மா இந்தியாவில் இருந்து பிரிந்தது. குத்தகைக்காரரைக் காக்க 1939-லும், நிலம் கைமாறுவதைத் தடுக்க 1941-லும் சட்டங்கள் வந்தன. 1942-ல் ஜப்பான் படை நுழைய, கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா, நிலத்தை தேசிய உடைமையாக்கச் சட்டம் போட்டது.

கடன் வாங்கியவன் விழுந்தால், கொடுத்தவனும் நிற்க முடியாது. இதுதான் பர்மாக் கணக்கு!