ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்கள்: கன்சோல் மாறினால் விற்பனையும் மாறுமா?

ஒரே தொடர். இரண்டு கேம்கள்.

2016 நவம்பரில் 'ஃபைனல் ஃபேண்டசி 15' வெளிவந்தது. கடைகளுக்கு அனுப்பியவை, டிஜிட்டலில் விற்றவை எல்லாம் சேர்த்து முதல் நாளே 5 மில்லியன் பிரதிகள்.

2023 ஜூனில் 'ஃபைனல் ஃபேண்டசி 16' வந்தது. முதல் வாரத்தில் 3 மில்லியன்.

"அப்போ 16 அவ்வளவு நல்லா இல்லையா?" என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். 15ஐ பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் விளையாட முடிந்தது. 16 வந்தது பிளேஸ்டேஷன் 5இல் மட்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

15 வெளியான நேரத்தில் பிளேஸ்டேஷன் 4 மட்டுமே 50 மில்லியன் விற்றிருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் தனி. 16 வந்தபோது உலகில் இருந்த பிளேஸ்டேஷன் 5 சாதனங்கள் ஏறக்குறைய 40 மில்லியன்தான்.

அந்த 40 மில்லியனில் 3 மில்லியன் என்றால், கிட்டத்தட்ட 13 பேரில் ஒருவர் ஒரே வாரத்தில் வாங்கியிருக்கிறார். அது குறைவான விகிதம் இல்லை. கேமை ரசிகர்கள் ஒதுக்கவில்லை. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையே குறைவு.

ஒரு கன்சோல் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறதோ, அதுதான் கேம் விற்பனையின் உச்சவரம்பு.

1997: ஒரு கேம், ஒரு சந்தையையே திருப்பியது

ஃபைனல் ஃபேண்டசியின் முதல் 6 கேம்களும் நிண்டெண்டோ சாதனங்களில்தான் வந்தன. ஏழாவது கேம் சோனியின் பிளேஸ்டேஷனுக்குத் தாவியது.

காரணம் இடப் பற்றாக்குறை. நிண்டெண்டோ 64இன் கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 மெகாபைட் கொள்ளும். பிளேஸ்டேஷனின் ஒரு சிடியில் அதைப்போல் சுமார் 10 மடங்கு. தயாரிக்கவும் சிடி மலிவு. 'ஃபைனல் ஃபேண்டசி 7' 3 சிடிக்களில் வந்தது. பிறகு 10 மில்லியனுக்கும் மேல் விற்றது.

போட்டித் தொடரான 'டிராகன் குவெஸ்ட்'டும் பிளேஸ்டேஷன் பக்கம் போனது. கடைசியில் பிளேஸ்டேஷன் 100 மில்லியனைத் தாண்டியது. நிண்டெண்டோ 64 சுமார் 33 மில்லியனில் நின்றது. கன்சோல் கேமை விற்கும். சில நேரம் கேமும் கன்சோலை விற்கும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. அது யார் கையில், எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

எக்ஸ்பாக்ஸ் 360 உலகளவில் 80 மில்லியனுக்கும் மேல் விற்றது. ஜப்பானில் 2 மில்லியனைக்கூட எட்டவில்லை. ஜப்பானியர்களை ஈர்க்க மைக்ரோசாஃப்ட் 2006இல் 'புளூ டிராகன்' கேமை இறக்கியது. ஃபைனல் ஃபேண்டசியை உருவாக்கிய ஹிரோனோபு சக்காகுச்சி, 'டிராகன் பால்' ஓவியர் அகிரா தொரியாமா, இசைக்கு நொபுவோ உவேமாட்சு. கனவுக் கூட்டணி! இருந்தும் ஜப்பானில் விற்றது சுமார் 200,000தான்.

இதற்கு நேர்மாறான கதை 'டிராகன் குவெஸ்ட் 9'. 2009இல் அது நிண்டெண்டோ டிஎஸ் கையடக்கச் சாதனத்தில் வந்தது. "இவ்வளவு பெரிய கேமை இவ்வளவு சின்னத் திரையிலா?" என்று பலர் முகம் சுளித்தனர். ஆனால் ஜப்பானில் ரயிலிலும் பள்ளி இடைவேளையிலும் கையில் இருந்தது டிஎஸ்தான்.

கேமில் இன்னொரு வசதியும் இருந்தது. சாதனத்தைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாலே போதும். எதிரே வருபவரின் சாதனத்தோடு புதையல் வரைபடங்கள் தானாகப் பரிமாறிக்கொள்ளப்படும். அதற்காகவே தோக்கியோவின் அகிஹபாராவில் ரசிகர்கள் கூடினார்கள். ஜப்பானில் மட்டும் விற்பனை 4 மில்லியனைத் தாண்டியது. வரவேற்பறையில் இருக்கும் கன்சோலில் இது நடந்திருக்காது.

அப்படின்னா, ஏன் ஒரே கன்சோலில் வெளியிடுகிறார்கள்?

- ஒரே சாதனத்துக்கு உருவாக்கினால் வேலை குறைவு. அதன் முழுத் திறனையும் பயன்படுத்தலாம்.
- விளம்பரத்திலும் தொழில்நுட்பத்திலும் கன்சோல் நிறுவனம் கைகொடுக்கும்.
- கன்சோல் நிறுவனத்துக்கும் லாபம். அந்த கேமுக்காகவே சிலர் சாதனத்தை வாங்குவார்கள்.

ஆனால் பெரிய கேம்களை உருவாக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கன்சோல் ரசிகர்கள் மட்டும் வாங்கினால் கட்டுபடியாவது கடினம்.

தொடர்கதை என்றால் சிக்கல் இன்னும் பெரிது. 'ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக்' 2020இல் பிளேஸ்டேஷன் 4இல் வந்தது. அதன் இரண்டாம் பாகமான 'ரீபர்த்', 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5இல் மட்டும். முதல் பாகத்தை பிளேஸ்டேஷன் 4இல் முடித்தவர், கதை தொடர வேண்டுமென்றால் அப்போது புது கன்சோலே வாங்க வேண்டியிருந்தது! எத்தனை பேர் வாங்குவார்கள்?

இப்போது என்ன மாறுகிறது?

16, ரீபர்த் இரண்டும் எதிர்பார்த்த லாபம் தரவில்லை என்று ஸ்குவேர் எனிக்ஸ் 2024இல் முதலீட்டாளர்களிடம் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் அது அறிவித்த புதிய திட்டம்: முக்கிய கேம்களைப் பல தளங்களில் வெளியிடுவது.

மற்ற நிறுவனங்களுக்கு இதில் ஏற்கெனவே அனுபவம் உண்டு. அட்லஸின் 'பெர்சோனா 5 ராயல்' பல ஆண்டுகள் பிளேஸ்டேஷனிலேயே இருந்தது. 2022 அக்டோபரில் சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றுக்கும் வந்தது. அந்தப் புதிய பதிப்புகள் அவ்வாண்டு டிசம்பருக்குள் 1 மில்லியன் விற்றன. அதே நிறுவனத்தின் 'மெட்டஃபோர்: ரீஃபேண்டாசியோ' 2024 அக்டோபரில் தொடக்கத்திலேயே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி என்று வெளியானது. முதல் நாளே 1 மில்லியன்!

தாமதமாக வேறு தளத்துக்குக் கொண்டுவருவதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. கதையில் யார் இறக்கிறார், யார் துரோகி என்பதெல்லாம் அதற்குள் யூடியூபில் வந்துவிடும். கதைக்காகவே விளையாடும் இந்த வகை கேம்களுக்கு அது பெரிய அடி.

நமக்கு இதில் என்ன?

பிடித்த தொடருக்காகவே கன்சோல் வாங்க நினைக்கிறீர்களா? முதலில் அந்த நிறுவனம் இப்போது எந்தெந்தத் தளங்களில் வெளியிடுகிறது என்று பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சாதனத்துக்கே ஓராண்டில் அந்த கேம் வரலாம்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. போக்கிமோன் வேண்டுமா? நிண்டெண்டோதான். 2022இல் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' இரண்டும் 3 நாளில் 10 மில்லியன் விற்றன, அதுவும் சுவிட்ச்சில் மட்டும். அவ்வளவு பேர் கையில் ஒரே சாதனம் இருந்தால், வேறு கன்சோலைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.