கொல்லைக் கோழிக்கு எத்தனை கரண்டி?

பிரான்சின் கோல்மார் வட்டாரத்தில் 2015 முதல் விருப்பமுள்ள வீடுகளுக்கு நகர நிர்வாகம் இரண்டிரண்டு கோழிகளைக் கொடுத்துவருகிறது. குப்பையைக் குறைப்பதே நோக்கம். ஒரு கோழி நாளுக்கு 150 கிராம் உணவுக் கழிவைத் தின்னும் என்று அங்கே கணக்கிட்டார்கள், ஆண்டுக்கு 54.75 கிலோ. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஆளுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், எலும்பு, கொட்டை எல்லாம் அந்த எடையில் அடக்கம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், ஆளுக்கு ஒரு கோழி வளர்த்தால் போதும் என்று தோன்றும்.

எடையளவில் அது சரி. ஆனால் அது ஈர எடை. முட்டையிடும் கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் வரை உலர்ந்த தீவனம் தின்னும். 110 என்று வைத்துக்கொள்வோம். அதில் அடுப்பங்கரை மிச்சம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு: 11 கிராம் தீவனத்துக்கு ஈடானது. 150 கிராம் வெள்ளரித் துண்டில் 95 சதவீதம் தண்ணீர். காய்ந்த எடை 7.5 கிராம்தான். அதே 150 கிராம் சோற்றில் காய்ந்த எடை சுமார் 45 கிராம். தராசில் ஒரே எடை, வயிற்றில் ஆறு மடங்கு வித்தியாசம். வெள்ளரி வரம்புக்குள் நிற்கிறது. சோறு அந்த நாளின் தீனியில் பாதியை நெருங்கிவிடுகிறது.

100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு. ஆக ஒரு கோழிக்கு 11 கிராம் அரிசி, அதாவது 33 கிராம் சோறு. எங்கள் கொல்லையில் ஐந்து கோழிகள். ஐந்துக்கும் சேர்த்து 165 கிராம். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் ஒன்றரைக் கரண்டி. நிறுத்துப் பார்க்கும்வரை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தோம். பழைய சோறு மிஞ்சிய நாட்களில் இன்னும் அதிகம்.

வரம்பு ஏன் 10 சதவீதத்தில் நிற்கிறது என்பதற்கு முட்டை ஓட்டில் விடை இருக்கிறது. 55 கிராம் முட்டையில் ஓடு 5.5 கிராம். அதில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதில் 40 சதவீதம் கால்சியம்: ஒரு முட்டைக்கு 2.09 கிராம். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 சதவீதம் என்றால் 110 கிராமில் 3.85 கிராம் கிடைக்கும். கோழியின் உடல் தின்றதில் பாதி முதல் 60 சதவீதம் வரைதான் எடுத்துக்கொள்ளும். 55 சதவீதம் என்று வைத்தால் 2.12 கிராம், ஒரு முட்டைக்குச் சரியாக இருக்கிறது. தீவனத்தில் 10 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சோறு போட்டால் உடலில் சேர்வது 1.91 கிராம், குறை 0.18. சோற்றின் பங்கு 30 சதவீதமானால் சேர்வது 1.48 கிராம், குறை 0.61. அந்தக் குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் ஓடு கட்டும். அதன் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள கால்சியமே சுமார் 20 கிராம். 33 முட்டையில் அத்தனையும் தீர்ந்துபோகும் வேகம் அது. அவ்வளவு தூரம் போகாது. அதற்கு முன்பே ஓடு மெலியும், தோல் முட்டை விழும், அல்லது கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும்.

புரதமும் இப்படித்தான் இறங்குகிறது: 17 சதவீதத் தீவனத்தில் 8 சதவீத அரிசி 10 பங்கு கலந்தால் 16.1, 30 பங்கு கலந்தால் 14.3.

“பாட்டி சோறு போட்டுத்தானே வளர்த்தாள்?” என்று கேட்பவர்களுக்கும் கணக்கு உண்டு. பாட்டியின் நாட்டுக்கோழி ஆண்டுக்கு இட்டது 60 முதல் 80 முட்டை. 40 கிராம் முட்டை, 4 கிராம் ஓடு, 1.52 கிராம் கால்சியம். 70 முட்டைக்கு 106 கிராம். இன்று வாங்கி விடும் கலப்பினக் கோழி 300 முட்டை இட்டால் 627 கிராம், ஏறக்குறைய ஆறு மடங்கு. பாட்டியின் கோழி பகல் முழுக்கக் கரையானும் புழுவும் கிளறித் தின்றது, ஆண்டில் பாதிக்கு மேல் அடைகாத்தும் குஞ்சு மேய்த்தும் கழித்தது. அந்தக் கோழிக்குப் போதுமானது இந்தக் கோழிக்குப் போதாது.

கொல்லையில் வளரும் கோழிகளோ பெருகிக்கொண்டே வருகின்றன. கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழியினம் 2012-ல் 21.75 கோடி, 2019-ல் 31.71 கோடி. ஏழு ஆண்டுகளில் 45.8 சதவீத வளர்ச்சி. பண்ணைக் கோழியினம் அதே காலத்தில் வளர்ந்தது 4.5 சதவீதம்.

பணக் கணக்கு சிறியது. தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்தால், ஐந்து கோழிக்கு 10 சதவீதம் மிச்சம் போடுவதில் நாளுக்கு 1.93 ரூபாய் மீதம், ஆண்டுக்கு 703 ரூபாய். 30 சதவீதம் போட்டால் நாளுக்கு 5.78 ரூபாய். முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால், ஐந்து கோழியில் நாளுக்கு ஒரு முட்டை குறைந்தாலே அந்த மீதம் முழுதும் போய்விடும்.

அளவை மீறாவிட்டாலும் கெடுப்பவை உண்டு. முதலில் உப்பு. கோழியின் தீனியில் சோடியம் 0.15 சதவீதம் போதும். 110 கிராமுக்கு 165 மில்லிகிராம், உப்பாகச் சொன்னால் 0.42 கிராம். தீவனத்திலேயே அது இருக்கிறது. ஊறுகாயில் உப்பு 10 சதவீதம் என்று குறைத்து வைத்தாலும், 15 கிராம் ஊறுகாயில் 1.5 கிராம்: ஒரு கோழிக்கு மூன்றரை நாள் உப்பு. ஊறுகாய், கருவாட்டுத் தலை, அப்பளத் துண்டு, சாம்பார் பிசைந்த சோறு எதுவும் கொல்லைக்குப் போகக் கூடாது.

அடுத்தது பூஞ்சணம். நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். 1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் இருந்த நஞ்சுதான் பின்னர் அஃப்ளடாக்சின் என்று பெயர் பெற்றது. தீவனத்தில் அதற்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 110 கிராமுக்கு 2.2 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணாலும் மூக்காலும் பிடிபடாது. சமையல் சூட்டிலும் அழியாது. பூத்த ரொட்டியின் பச்சை ஓரத்தைக் கிள்ளிவிட்டு மீதியைப் போடுவது, முளைவிட்டுக் கறுத்த கடலையைக் கோழிக்கென்று ஒதுக்குவது இரண்டும் வேண்டாம். சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரம், 32 பாகை செல்சியசுக்கு மேல் 1 மணி நேரம் என்பது மனிதருக்குச் சொல்லும் அளவு. சித்திரை வெயிலில் கோழிக்கும் அதையே வைத்துக்கொள்கிறோம். தின்றது போக மீதியை அள்ளிவிடுகிறோம்.

வேகாத ராஜ்மாவில் லெக்டின் நஞ்சு 20,000 முதல் 70,000 அலகு. நன்றாகக் கொதித்து வெந்தபின் 200 முதல் 400. நான்கைந்து பச்சை விதை ஒரு மனிதரையே வாந்தியெடுக்க வைக்கும். கோழியின் எடை 2 கிலோகூட இல்லை. பச்சை மரவள்ளித் தோல், பச்சை பாரித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய்ப்பழத்தின் தோலும் கொட்டையும் உரக்குழிக்குத்தான்.

பிரிட்டனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2001-ல் அங்கே கோமாரி நோய் 2,026 இடங்களில் உறுதியானது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். இழப்பு சுமார் 800 கோடி பவுண்டு. பதப்படுத்தாத சமையலறைக் கழிவு தின்ற ஒரு பன்றிப் பண்ணைதான் தொடக்கம். அதே ஆண்டில் வந்த தடை இன்று கொல்லைக் கோழிக்கும் பொருந்தும். தோட்டத்திலிருந்து நேரே பறித்த கோசைப் போடலாம், சமையலறைக்குள் போய்வந்த கோசைப் போடக் கூடாது. விலங்குப் பொருளே நுழையாத சமையலறைக்கு மட்டும் விலக்கு. நமக்கு அவ்வளவு கடுமை தேவையா என்று என்னால் சொல்ல முடியாது. பச்சைக் கோழிக்கறிக் கழிவையும் அதைக் கழுவிய தண்ணீரையும் கோழிக்குக் காட்டாமலிருப்பது மட்டும் எங்கள் வீட்டில் கட்டாயம்.

ஆளுக்கு 55 கிலோ வீதம் நான்கு பேர் வீட்டில் ஆண்டுக்கு 220 கிலோ உணவுக் கழிவு என்றால் நாளுக்கு 603 கிராம். ஐந்து கோழிக்குச் சோறு மட்டும் போட்டால் 165 கிராமோடு முடிகிறது. கீரைத் தண்டு, பூசணிக் குடல், முள்ளங்கி இலை என்றால் 500 கிராம்வரை போகும். முருங்கை இலை நல்லதுதான், ஆனால் கால்சியத்துக்கு அதை நம்ப முடியாது: 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் என்றாலும் 20 கிராம் இலையில் 80 மில்லிகிராம், நாள் தேவையில் 2 சதவீதம்.

10 சதவீதச் சோற்றால் வரும் 0.18 கிராம் கால்சியக் குறையை அடைக்க ஒரு கிராம் முட்டை ஓடு போதும்: அதில் 0.38 கிராம் கால்சியம், உடலில் சேர்வது 0.21. நாளுக்கு நான்கு முட்டை உடைத்தால் 22 கிராம் ஓடு. ஐந்து கோழிக்கு வேண்டியது 5 கிராம். வெறும் வாணலியில் ஓட்டை வறுத்து, விரலால் நசுக்கி, முட்டையென்று அடையாளம் தெரியாதபடி தூளாக்கி, தீவனத்தில் கலக்காமல் தனிக் கொட்டாங்குச்சியில் வைக்கிறோம். முட்டையிடும் கோழி அடையும் நேரத்துக்குச் சற்று முன் வந்து கொத்துகிறது. சேவல் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.