ஊசுட்டேரிக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவே

புதுச்சேரி மூலக்குளத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் பனிக்காலத்தில் இறங்கும் ஏரி. 2008-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியைச் சுற்றிய ஊர்களில் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் சந்தேகம் முதலில் ஏரிப் பறவைகள் மேல்தான் விழுகிறது. அது பாதி நியாயம்தான்.

நீர்ப்பறவைகளின் குடலில் இன்ஃபுளுவென்சா வைரஸ்கள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. எச், என் என்ற மேலுறைப் புரதங்களை வைத்துப் பிரித்தால், பறவைகளில் எச் வகை குறைந்தது 16, என் வகை 9. பெரும்பாலானவை வாத்தைச் சாகடிப்பதில்லை. எச்சத்தோடு தண்ணீரில் கலந்து அடுத்த பறவைக்குப் போகின்றன. பறவைகளைக் கொல்லும் எச்5என்1 வகை உருவானது ஏரியில் அல்ல. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் அதன் வம்சம் 1996-ல் சீனாவின் குவாங்டோங்கில் பண்ணைப் பெருவாத்துகளிடம் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றியது. 6 பேர் இறந்தார்கள். 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதுதான், பண்ணையில் வளர்ந்த நோய் வலசைப் பறவைகளிடம் தாவிவிட்டது உலகுக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் பண்ணைகள். இந்தியாவின் முதல் பாதிப்பு அதுதான்.

இந்த வைரஸின் மரபணு எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரே வாத்தின் உடலில் இரண்டு வகை வைரஸ் சேர்ந்துவிட்டால், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோலத் துண்டுகள் மாறி, புது வைரஸ் பிறக்கும். 2020-21 பனிக்காலத்தில் இமாசலத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகளைக் கொன்றது எச்5என்1. அதே பருவத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளைக் கொன்றது எச்5என்8. 2024-ல் கொல்கத்தா வந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய ஒரு குழந்தையிடம் இருந்தது எச்5என்1-இன் 2.3.2.1ஏ என்ற கிளை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கோழிகளிடையே சுற்றுவது அது. அமெரிக்கக் கறவை மாடுகள் வரை போனது 2.3.4.4பி என்ற வேறு கிளை. எச்5என்1 என்று பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் எங்கிருந்தோ ஒரே வழியில் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மரபணுவைப் படித்தால்தான் அது எந்தப் பண்ணை, எந்தப் பாதை வழியாக வந்தது என்று தடம் பிடிக்க முடியும்.

நம் பக்கத்தில் அந்தப் பாதைகளில் ஒன்று நடந்தே வருவது. நெல் அறுத்த வயல்களில் சிந்திய மணியை மேய விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களில் வாத்து மந்தைகளை ஊர் ஊராக ஓட்டிப்போகிறார்கள். காட்டு வாத்து இறங்கும் அதே தண்ணீரில் மந்தையும் இறங்கும். அவர்கள் பிழைப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நோய் கண்காணிப்பில் முதலில் சேர வேண்டியவர்கள் அவர்கள்.

புதுச்சேரிக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அதன் பகுதிகளில் மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில். 2020-ல் மாஹேக்குப் பக்கத்து மாவட்டமான கோழிக்கோட்டிலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் எச்5என்1 உறுதியானது. அதே 2025-ல் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தை இந்த நோய்க்குப் பலியானது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை. நன்றாக வெந்த கறியும் முட்டையும் ஆபத்தில்லை. செத்த காக்கையையோ கோழியையோ வெறுங்கையால் தொடுவதுதான் ஆபத்து.

சந்தேக மாதிரிகளை உறுதிசெய்ய போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஊசுட்டேரிக்கு அருகிலேயே, குருமாம்பேட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பறவைகள் சாகும்வரை காத்திராமல், ஐப்பசி முதல் பங்குனி வரை ஏரி எச்சத்தையும் மந்தை வாத்துகளையும் தவறாமல் சோதித்து, மரபணு முடிவுகளை உடனுக்குடன் வெளியிட வேண்டும். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் கோழி, வாத்துகளை அழிக்கிறார்கள். பத்துக் கோழியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இழப்பீடு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றால், முதல் கோழி செத்ததை அவர் ஏன் வெளியே சொல்வார்? கோழியை எடுக்கும் அன்றே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும்.