கறைக்குள் இருக்கும் முகங்கள்

2004 டிசெம்பர் 26 அன்று இலங்கையின் பருத்தித்துறைக் கரையைச் சுனாமி தாக்கியது. கடல் புகுந்த வீடுகளில் கலியாண ஆல்பங்களுக்கும் தப்பிக்க வழியிருக்கவில்லை.

2011 சுனாமிக்குப் பின் யப்பானில் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம், சேறு படிந்த படங்களைக் கழுவிக் காக்கும் முறையைத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்தால் ஜெலட்டின் படலத்தோடு முகமும் உரிந்துவிடும்.

கழுவிய பின்னும் கறை போகாத கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கான் செய்ய வேண்டும். மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை உறிஞ்சும். அதனால் ஃபோட்டோஷொப்பில் நீல ஒளியின் பதிவை மட்டும் காட்டும் நீலச் சனலைத் திறந்தால் கறை கருகருவென்று தெரியும். சிவப்புச் சனலில் அதே கறை பெரும்பாலும் மங்கி, அம்மம்மாவின் மூக்குத்திகூடத் துலங்கும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சப் புள்ளிகளைப் பொறுமையாக மூடலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ அழிந்த கண்ணை ஊகித்தே வரைகின்றன. அசல் ஸ்கானைத் தனிக் கோப்பாகச் சேமித்த பிறகே அவற்றைத் தொட வேண்டும்.